துணையை விட்டு ஓடினால் மானம் பத்து கழியும்

கதிரவனுக்கு வலது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று என்ன பேசினாலும் பதில் வராது. இது தெரியாமல் அவனுக்குத் திமிர் என்று எங்கள் பிரஸ்ஸில் பேர் வைத்தவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேரை நானே கூப்பிட்டுக் கொஞ்சம் சத்தமாக விளக்கியிருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவனுக்கு வரவே வராது. அதைப் பார்த்தே எனக்கு இன்னும் கோபம் வரும்.

நான் சீனிவாசகம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் பிளேட் போடுகிறவன். கதிரவன் அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவன். பட்டாசு லேபிள், தினசரிக் காலண்டர், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் அவன் கையைத் தாண்டித்தான் என்னிடம் வரும். அவனுக்குச் சொந்த ஊர் தாயில்பட்டி. அப்பா அம்மா இருவரும் காட்டு வேலை செய்து, மழை பொய்த்த பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள். ப்ளஸ் டூ முடித்ததும் கதிரவனும் போனான். அவன் பின்னாலேயே தம்பி கருப்பணனும் போனான்.

அவன் கொண்டுவந்த புத்தகத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டாசுக் குழாய் சுற்றப் பழைய பேப்பர் நிறைய வேண்டும். உள்ளூர்ப் பேப்பர் பற்றாமல் வெளிநாட்டுக் கழிவுக் காகிதமும் பெரிய பெரிய கட்டாக, பேல் பேலாக வந்து இறங்கும். எந்த ஊரிலோ எவனோ படித்துத் தூக்கி எறிந்ததெல்லாம் இங்கே வந்து வெடியாகும். அப்படி ஒரு பேலைப் பிரிக்கும்போது அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கதிரவன் கையில் அகப்பட்டது. உள்ளே கோட்டை, டிராகன், வாள் ஏந்திய சப்பை மூக்கு வீரர்கள், பக்கத்துக்குப் பக்கம் எண் அட்டவணை. கதைப் புத்தகம் என்று நினைத்து எடுத்து வைத்துக்கொண்டான். அது ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம் என்பது அவனுக்குப் பல வருசம் தெரியாது.

தெரிய வைத்தவன் முதலாளி வெள்ளைத்துரையின் மகன் சூர்யபிரகாஷ். பெங்களூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து அப்பாவின் பிரஸ்ஸில் ஒப்புக்கு உட்கார்ந்திருந்த பையன். நல்ல பையன்தான், வேலைதான் செய்ய மாட்டான். காலேஜில் அவனும் கூட்டாளிகளும் அந்த விளையாட்டைத்தான் ராப்பகலாக ஆடியிருக்கிறார்கள். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு குகை இருக்கிறது, என்ன செய்யப் போகிறாய் என்று கதை சொல்பவர் கேட்பார். செய்யப் போவதைச் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது.

கதிரவனின் புத்தகத்தைப் பார்த்ததும் சூர்யபிரகாஷ் துள்ளிக் குதித்தான். அது இருபது வருசத்துக்கு முந்திய விதிகளுக்கு எழுதப்பட்டது. கிழக்கத்தி நாடுகளில் நடக்கிற கதைகளுக்கான தனிப் புத்தகம். இவனிடம் இருந்ததோ புது விதிகள். இரண்டும் ஒட்டாது. பழையதைப் புது விதிக்கு மாற்றி எழுதினால் அதைச் சின்னப் புத்தகமாக நம் பிரஸ்ஸிலேயே போட்டு, பெங்களூர்க் கூட்டாளிகளிடம் காட்டலாம் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை அவனுடையது, உழைப்பு கதிரவனுடையது. இது பிரஸ்ஸில் புதிதல்ல.

ஆனால் கதிரவன் அந்த வேலையில் முழுதாக இறங்கிவிட்டான். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக மாற்றினான். பழைய புத்தகத்தில் கவசத்தின் எண் குறையக் குறைய நல்லது, புதுசில் கூடக் கூட நல்லது. பழசில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு பகடை, புதுசில் எல்லாவற்றுக்கும் ஒரே பகடை. அதையெல்லாம் நேர் செய்தான். எழுதினவர் சீனாவையும் ஜப்பானையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தார். நம் நாட்டுக்கு ஒரே ஒரு பக்கம், அதிலும் பாதி யானைப் படம். கதிரவன் பனிமலையைத் தூக்கிவிட்டுக் கரிசல் காட்டை வைத்தான். மூங்கில் காடு இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது. ராட்சதப் பல்லி அப்படியே இருந்தது.

எழுதினதை ஆடிப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைத்தது கரண்ட் கட்டால். இரண்டாயிரத்து எட்டில் தினமும் சொல்லி வைத்து கரண்ட்டைப் பிடுங்கினார்கள். மிஷின் நின்றால் பிரஸ்ஸில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஜன்னல் ஓரம் பைண்டிங் டேபிளில் நானும் சூர்யபிரகாஷும் ஆடினோம், கதிரவன் கதை சொன்னான். என் வேஷம் ஒரு தடித்த துறவி. உடம்பைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். சூர்யபிரகாஷ் வாள் வீரன், வேறென்ன.

முதல் நாளே ஒரு குகை வந்தது. நாங்கள் உள்ளே போகலாம் என்று சொன்னோம். டேபிளின் மறுகோடியில் உட்கார்ந்து காலண்டர் தாளை அடுக்கிக்கொண்டிருந்த பைண்டிங் ரோஜா தலையைத் தூக்காமல், "அதுக்கு இன்னொரு வாசல் எங்கன இருக்குன்னு கேளுங்க மொதல்ல," என்றாள்.

"நீங்களே வந்து கேளுங்கக்கா," என்றான் சூர்யபிரகாஷ்.

வந்தாள். அவளுக்குப் பேச்சி என்று எல்லைக்காவல் வில்லுக்காரி ஒருத்தியின் வேஷம் கிடைத்தது. அன்றிலிருந்து ஆட்டம் மாறிவிட்டது. எல்லா ஊரிலும் இந்த விளையாட்டில் குகைக்குள் நுழைந்ததும் முதலில் தீப்பந்தம் கொளுத்துவார்களாம். பேச்சி ஒரு நாளும் கொளுத்த விடவில்லை. "உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம எவனாச்சும் நெருப்பு வைப்பானா?" என்பாள். இரும்பு வாளை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லி சூர்யபிரகாஷைப் படுத்தி எடுத்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். நாங்கள் வெறுங்காலோடு, இருட்டில், கையில் கட்டையோடு பல்லி வேட்டைக்குப் போனோம். கதிரவன் அதற்கும் விதி எழுதினான். பட்டாசு ரூமில் வேலை பார்த்தவர்கள் இருட்டில் நடந்தால் பகடையில் கூட ரெண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று.

ரோஜா அந்த ரூம்களில் வேலை பார்த்தவள்தான். கதிரவனின் தம்பி கருப்பணனின் மனைவி. கல்யாணம் ஆகி முதல் தீபாவளி வருவதற்குள் அவன் போய்விட்டான்.

இரண்டாயிரத்து ரெண்டில் நடந்தது அது. சீசன் நேரம். அண்ணனும் தம்பியும் வேறு இரண்டு பேரும் ஒரே ரூமில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் கதிரவன், உள்பக்கம் கருப்பணன். எது உரசியது, எது பொரிந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள், பொரி சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று. கதிரவன் ஓடினான். வேலியைத் தாண்டிப் போய் விழுந்தபோது அவனுக்குப் பின்னால் ரூம் இல்லை. காதும் அன்றோடு போனது. மற்ற மூன்று பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதன் பிறகு அவன் பட்டாசுப் பக்கமே போகவில்லை. விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து படித்து எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தான். முதலாளியிடம் கெஞ்சி ரோஜாவையும் பைண்டிங்கில் சேர்த்துவிட்டான். காரியாபட்டிப் பக்கம் அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் பெரியப்பா வாசலில் நின்றே, "கூடப் பெறந்தவனைப் போட்டுட்டு ஓடியாந்த பய தானப்பா இவன்?" என்று கேட்டிருக்கிறார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான். அப்புறம் பெண் பார்க்கப் போகவே இல்லை. அந்தப் பெரியப்பா என் கையில் அகப்பட்டிருந்தால் நான் இப்போது ஜெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஊர் பேசினதைக் கூட அவன் தாங்கிக்கொண்டான். ரோஜா பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். சாப்பிட்டீகளா அத்தான் என்பாள், ஆச்சு தாயி என்பான். அதற்கு மேல் போகாது. ஒருநாள் டீக்கடையில் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்து, கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான்.

"ஏன் ஓடுனீகன்னு அவ ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்ணே. திட்டட்டும், செருப்பைக் கூட எடுக்கட்டும். கேக்க மாட்டேங்காளே."

"நீயா போய்ப் பேச வேண்டியதுதானலே?"

"என்னன்னு பேச?" என்றான்.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

மாற்றி எழுதும் வேலை முடியப் போகிற நேரத்தில்தான் மானத்தில் வந்து நின்றது. பழைய புத்தகத்தில் ஒவ்வொரு வேஷத்துக்கும் உயிர்ப் புள்ளி இருப்பது மாதிரி மானப் புள்ளியும் உண்டு. நல்லது செய்தால் கூடும், கெட்டது செய்தால் கழியும். ஒன்றுமே இல்லாமல் போனால் அந்த ஆள் செத்த மாதிரிதான், அந்த வேஷத்தின் விவரம் எழுதின தாளைக் கதை சொல்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த அட்டவணையில் ஒரு வரி, ஆபத்தில் துணையை விட்டு ஓடினால் பத்து கழியும். புது விதியில் மானமே கிடையாது. வெடி வெடித்தால் பகடையை உருட்டு, எண் பெரிதாக விழுந்தால் நீ பாய்ந்து தப்பிவிட்டாய், மேலே ஒரு கீறல் இல்லை. அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். ஓடினவனை அங்கே மெச்சுவார்கள்.

ஒரே ஓட்டம்தான். பழைய புத்தகத்தில் அது கேவலம், புதுப் புத்தகத்தில் அது திறமை. கதிரவன் இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி எழுத வேண்டும். வாரக் கணக்கில் அந்த இடத்தை வெற்றாக விட்டு வைத்திருந்தான்.

"கதிரண்ணே, அந்த மானத்தைத் தூக்கிருங்க," என்றான் சூர்யபிரகாஷ். "நம்ம ஆளுக என்ன, எந்நேரமும் மானம் போச்சுன்னு செத்துக்கிட்டா இருக்கோம்? எவனோ இந்தப் பக்கமே வராதவன் எழுதினது."

"வராதவன் எழுதினாலும் இது ஒண்ணு சரியாத்தான் இருக்கு தம்பி," என்றான் கதிரவன்.

பையனுக்குப் பழைய கதை தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதிரவனுக்கு அந்த வரி வேண்டியிருந்தது. தன் மேல் கழிக்க ஒரு கணக்கு வேண்டியிருந்தது, அதை ரோஜாவின் முன்னால் வைத்துக் கழிக்க வேண்டியிருந்தது. இது விளையாட்டு இல்லை, விட்டுரு என்று தனியாக எச்சரித்தேன். "ஒருக்கா ஆடிப் பாத்துருவோம்ணே," என்றான்.

அதை ஆடிப் பார்த்த அன்று காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. கோட்டைக்குள் மருந்துக் கிடங்கு ஒன்று என்று கதிரவன் கதையைத் தொடங்கினான். எதிரியின் வெடிமருந்தை நனைத்துவிட்டு வர வேண்டும். சூர்யபிரகாஷின் வீரன் மதில் மேல் காவல். பேச்சியும் என் துறவியும் உள்ளே. பேச்சி வழக்கம்போல முதலில் வாசலைக் கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் என்றான். அவள் முகம் சுருங்கிற்று. நான் உள்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தேன், அவள் வாசல் பக்கம் இருந்தாள். இப்படி வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூலையில பொரியுது," என்றான் கதிரவன். குரலே சரியில்லை. "என்ன செய்யிற, பேச்சி?"

ரோஜா யோசிக்கவே இல்லை. "ஓடுறேன்."

பகடையை உருட்டினாள். பத்தொன்பது விழுந்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. என் துறவி செத்துப் போனான். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கதிரவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அட்டவணையைப் பார்த்து வாசித்தான்.

"துணையை விட்டு ஓடுனா மானம் பத்து கழியும். பேச்சிக்கு இருந்ததே பத்துதான்." கையை நீட்டினான். "இனி அவ உன் ஆளு இல்லை தாயி. தாளைக் குடுத்துரு."

"அண்ணே, இதெல்லாம் அநியாயம்," என்றான் சூர்யபிரகாஷ்.

ரோஜா தாளை அவன் முன்னால் தள்ளி வைத்தாள். அவள் கோபப்படவில்லை.

"உங்களுக்கு எம்புட்டு கழிச்சீக அத்தான்?" என்று கேட்டாள்.

சூர்யபிரகாஷ் என்னைப் பார்த்தான். பேசாமல் இரு என்று கையைக் காட்டினேன்.

"மொத்தத்தையும்," என்றான் கதிரவன்.

"யாரு கழிக்கச் சொன்னா?" என்றாள். "நீங்க ஓடுனதை நான் என்னைக்காச்சும் தப்புன்னு சொன்னேனா? ஓடத்தான செய்யணும்? நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். இப்பவும் ஓடத்தான செஞ்சேன்."

கதிரவன் இத்தனை வருசமாக எதைக் கேட்கக் காத்திருந்தானோ அதைக் கேட்டுவிட்டான். அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பார்த்தவன் என்பதால்தான் அடுத்து வந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"நான் கேக்கணும்னு இருந்தது வேற," என்றாள் ரோஜா. "நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன். சொல்லவே இல்லை. சரி, அத்தானுக்கு மனசு ஆறலை, ஆறுனதும் சொல்லட்டும்னு விட்டுட்டேன். கடைசியில உங்க தம்பி என்ன செஞ்சாக அத்தான்? எந்திரிச்சாகளா? ஏதும் சொன்னாகளா? என்னைய எதுவும்..."

முடிக்காமல் நிறுத்தினாள்.

"நான் திரும்பிப் பாக்கலை தாயி," என்றான்.

"கூப்பிட்டிருப்பாகளே. சத்தமாச்சும் கேட்டிருக்குமே."

"காது அடைச்சுப் போச்சு. எதுவும் கேக்கலை."

"ஒண்ணுமே தெரியாதா?"

அவன் தலையை ஆட்டினான். காலையில் இரண்டு பேரும் சைக்கிளில் போனதைச் சொன்னான். கருப்பணன் வழியில் இறங்கி சங்கிலி மாட்டியதைச் சொன்னான், ஒரு இட்லியைப் பிட்டு நாய்க்குப் போட்டதைச் சொன்னான், ரூமில் அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்ததையெல்லாம் சொன்னான். தெரிந்ததை எல்லாம் வாரிக் கொடுத்துவிடுகிற அவசரத்தில் சொன்னான். பொரி சத்தம் வரைக்கும் வந்து நின்றுவிட்டான். அதற்குப் பிறகு அவனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

ரோஜா முழுதும் கேட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தராச்சும் பாத்திருப்பீகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. ரோஜா எழுந்து தன் இடத்துக்குப் போய் காலண்டர் தாளை அடுக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் வரை அவள் கை நிற்கவில்லை. ஏன் ஓடினாய் என்று அவள் கேட்க வேண்டும் என்றே அவன் காத்திருந்ததில், என்ன பார்த்தாய் என்று கேட்பாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. இவ்வளவு வாய் பேசுகிற எனக்கும் தோன்றவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒரு நல்ல பிளேட்டைக் கெடுத்தேன்.

அதன் பிறகு அந்த ஆட்டம் நடக்கவில்லை. ரோஜாவும் கதிரவனும் பழையபடி இருந்தார்கள். சாப்பிட்டீகளா என்பாள், ஆச்சு என்பான். ஆனால் அதற்கு மேல் அவன் ஏதாவது சொல்வானா என்று நிற்பதை அவள் விட்டுவிட்டாள். முன்பெல்லாம் ஒரு நொடி நிற்பாள், அந்த வழக்கம் போன பிறகுதான் எங்களுக்கே அது தெரிந்தது.

சூர்யபிரகாஷ் புத்தகத்தை விடவில்லை. கூட்டாளிகளைப் பார்க்கப் பெங்களூர் கிளம்பும் தேதி நெருங்க நெருங்க நச்சரித்தான். காலண்டர் ஆர்டர் குவிவதற்குள் பிளேட் போட்டாக வேண்டும். ஒரு வரி தவிர எல்லாம் தயாராக இருந்தது. நான் போய்க் கதிரவனின் இடது பக்கம் நின்றேன். கம்ப்யூட்டரில் அந்த அட்டவணை திறந்திருந்தது, அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"மானத்தைத் தூக்கிட்டியாலே?"

"தூக்கிட்டேன்ணே. அவளே வேண்டாம்னுட்டா."

"அப்ப அங்கன என்ன போடப் போற?"

மவுஸைக் காலிக் கட்டத்துக்கு நகர்த்தினான்.

"வெடிச்சா, வெளிய ஓடுறதுக்கு முன்ன ஒருக்கா திரும்பிப் பாத்துக்கலாம், அதுக்காக யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு போடலாமாண்ணே?"

மருந்து ரூமில் திரும்பிப் பார்த்து நின்றவன் எவனும் வெளியே வந்ததில்லை. அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், சிவகாசியைச் சுற்றி இருக்கிற அத்தனை ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும்.

"போடுலே," என்றேன்.